மூர்களுக்கும் ரோமர்களுக்கும் அரசன்

அல்ஜீரியாவின் வடமேற்கில், திலிம்சான் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், உலெத் மிமூன் என்றோர் ஊர் இருக்கிறது. பேரரசர் செப்திமியுஸ் செவெருஸ் காலத்தில், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானியர் ஆப்பிரிக்க எல்லைக்காவலைத் தெற்கு நோக்கித் தள்ளி அமைத்தபோது இங்கே ஒரு படைமுகாம் எழுந்தது. சார்டீனியரின் பெயரைத் தாங்கிய துணைப்படை ஒன்று அதில் தங்கியிருந்தது. முகாமைச் சுற்றிக் குடிகள் சேர, நாளடைவில் அது ஊராயிற்று. அதன் பெயர் அல்டாவா. நான் அங்கே போனதில்லை. அங்கு கிடைத்த ஒரே ஒரு கல்லின் லத்தீன் வாசகத்தை மட்டும் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். முப்பதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களே அதில் உள்ளன. ஓர் அரசனும் ஓர் அரசும் இருந்தன என்று நாம் அறிவது அந்தச் சொற்களால்தான். அந்தக் கல் உடைந்து சுவருக்குள் போயிருந்தால் மாசுனா என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

வாசகத்தை முடிந்தவரை நெருக்கமாகத் தமிழில் தருகிறேன். ‘மூர், ரோமர் ஆகிய மக்களின் அரசன் மாசுனாவின் நலத்துக்காகவும் தீங்கின்மைக்காகவும், சஃபாரின் பிரிஃபெக்ட் மஸ்கிவினாலும் காஸ்திரா செவெரியானாவின் புரோகுரேட்டர் இய்தெராலும் கோட்டை கட்டப்பட்டது, மாசுனா அல்டாவாவில் வைத்தது, அல்டாவாவின் புரோகுரேட்டர் மாக்சிமுஸ் முடித்தான். மாகாண ஆண்டு 469.’ மூர் என்பது அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்கு, இன்று பெர்பர் எனப்படுவோருக்கு, ரோமானியர் வழங்கிய பெயர். பிரிஃபெக்ட், புரோகுரேட்டர் என்பவை ரோமானிய அதிகாரிகளின் பதவிப்பெயர்கள். வாசகம் இவ்வளவுதான். போர் வெற்றி இல்லை, குலப்பெருமை இல்லை, கொடை இல்லை. ஒரு கோட்டை கட்டினார்கள், மூன்று அதிகாரிகள் அதில் பங்கெடுத்தார்கள் என்ற செய்தியோடு கல் முடிந்துவிடுகிறது.

முதலில் அந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். ‘மாகாண ஆண்டு’ என்பது ரோமானிய மாகாணமாக மௌரெத்தானியா ஆன காலத்திலிருந்து எண்ணப்படுவது. (இந்த மௌரெத்தானியா இன்று அப்பெயரில் இருக்கும் நாடு அன்று, வட அல்ஜீரியாவின் பெரும்பகுதியும் வட மொரோக்கோவும் சேர்ந்த நிலப்பரப்பு.) அந்நாட்டின் கடைசி அரசன் தாலமி, இரண்டாம் ஜூபாவின் மகன், கி.பி. 40இல் பேரரசர் கலிகுலாவின் ஆணையால் கொல்லப்பட்டான். அவனுடைய நாடு பேரரசுக்குள் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கணக்கும் அங்கிருந்து தொடங்கியது. 40ஐ முதலாண்டாகக் கொண்டால் 469ஆம் ஆண்டு கி.பி. 508 ஆகிறது. மாசுனா தன் கோட்டைக்கு ஆண்டு குறித்தபோது, அந்த மண்ணில் தனக்கு முன்னிருந்த அரசமரபு அழிந்த நாளிலிருந்து எண்ணிய கணக்கையே கையாண்டான். அதைவிட வேடிக்கை, 508இல் அந்த மாகாணமே இல்லை என்பது. 429இல் வண்டால்கள் என்ற ஜெர்மானியக் குடியினர் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குள் இறங்கி, 439இல் கார்த்தேஜைப் பிடித்தார்கள். 455க்குப் பிறகு மௌரெத்தானியாவுக்கு ரோமிலிருந்து ஆளுநர் எவரும் வரவில்லை. வண்டால் அரசர்களின் கையும் இவ்வளவு மேற்கே நீளவில்லை. மாகாணம் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின்னும் அதன் ஆண்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று மாசுனாவுக்குத் தோன்றியிருக்கவில்லை. தன் ஆட்சியாண்டைக்கூட அவன் குறிக்கவில்லை.

தொடக்க வாசகமும் இரவல்தான். ‘நலத்துக்காகவும் தீங்கின்மைக்காகவும்’ என்பது ரோமானியப் பேரரசர்களுக்காகப் பலிபீடங்களிலும் கட்டடங்களிலும் நூற்றாண்டுகளாகப் பொறிக்கப்பட்டுவந்த வாய்பாடு. அதில் பேரரசர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு பெர்பர் அரசனின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அப்போது கான்ஸ்டான்டிநோபிளில் அனஸ்தாசியுஸ் பேரரசராக இருந்தார். கார்த்தேஜில் வண்டால் அரசன் திராசமுந்து. இருவரையும் கல் கண்டுகொள்ளவில்லை.

பிறகு அதிகாரிகள். பிரிஃபெக்ட், புரோகுரேட்டர் என்ற பதவிப்பெயர்கள் முழு ரோமானியம். அவற்றைத் தாங்கியவர்களின் பெயர்களோ அப்படியல்ல. மஸ்கிவின் என்பதில் உள்ள ‘மஸ்’ என்ற முன்னொட்டு, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நுமிடிய அரசன் மாசினிசா முதல் மாசுனா வரை வட ஆப்பிரிக்கப் பெயர்களில் தொடர்ந்து வருவது. இய்தெர் என்ற பெயரை இன்றைய அல்ஜீரியாவின் கபிலியப் பகுதியில் வழங்கும் இதிர் என்ற ஆண்பெயரோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ‘அவன் வாழ்கிறான்’ என்பது அதன் பொருள். பிள்ளை பிழைத்திருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு வைக்கும் பெயர் அது. மூன்றாமவன் மாக்சிமுஸ், பச்சை லத்தீன் பெயருக்காரன். மஸ்கிவின் ‘மூர்’, மாக்சிமுஸ் ‘ரோமர்’ என்று உடனே பிரித்துவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் லத்தீன் பெயர் வைத்துக்கொண்ட பெர்பர் குடும்பங்கள் அந்நாட்டில் எத்தனையோ தலைமுறையாக இருந்தன. பெயரை வைத்து இனம் சொல்வது இங்கே செல்லாது.

அல்டாவாவின் அரசமைப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூவரும் அவர்களுடைய மூன்று இடங்களும்தான். அவற்றை வைத்து ஒரு பெரிய அரசின் நிர்வாக அட்டவணையை வரைய முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அரசன் வேறு, ஊரின் பொறுப்பாளர் வேறு, வேலை பங்கிட்டு நடக்கிறது, எவர் தொடங்கினார், எவர் முடித்தார் என்று எழுதிவைக்கும் பழக்கம் இருக்கிறது. நாடோடிக் கொள்ளைக்கூட்டம் என்று பழைய ஐரோப்பிய எழுத்தாளர்கள் வருணித்தவர்களிடம் இந்த ஒழுங்கு இருந்தது.

நடுவிலுள்ள ஒரு தொடர்தான் என்னை அதிகம் நிறுத்திவைத்தது. ‘க்வெம் மாசுனா அல்டாவா பொசுயித்’ என்று லத்தீனில் இருக்கிறது. ‘க்வெம்’ என்ற சொல் ஆண்பாலுக்கு உரியது. கோட்டையைக் குறிக்கும் ‘காஸ்த்ரும்’ இலக்கணப்படி அலிப்பால். ஆகவே ‘க்வெம்’ கோட்டையைச் சுட்டினால் அது இலக்கணப் பிழை; ஆளைச் சுட்டினால் பிழையில்லை. ‘பொசுயித்’ என்ற வினைக்கோ நிறுவினான், அமர்த்தினான் என்ற இரு பொருளும் உண்டு. எனவே மாசுனா அல்டாவாவில் நிறுவிய கோட்டையா, மாசுனா அல்டாவாவில் அமர்த்திய இய்தெரா என்ற கேள்வி எழுகிறது. நம் ‘வைத்த’ என்ற சொல் இங்கே வசதியாகக் கைகொடுக்கிறது: கல்லையும் வைக்கலாம், ஆளையும் வைக்கலாம். ஆனால் வசதி விடையாகாது. பேச்சு லத்தீனில் பால் வேறுபாடு குலைந்துகொண்டிருந்த காலம் அது. அதே கல்லில் மற்ற வேற்றுமை உருபுகளும் ஒழுங்காக இல்லை. அதனால் கோட்டை என்ற பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மாசுனா தொடங்கியதை மாக்சிமுஸ் முடித்தான் என்றால் தொடர் இயல்பாக ஓடுகிறது. அல்டாவாவை மாசுனாவின் ‘தலைநகர்’ என்று எழுதுகிறவர்கள், அந்தக் கல் அங்கே கிடைத்தது என்பதையும் இந்த ஒரு வினைச்சொல்லையும்தான் ஆதாரமாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இனி அரசனின் பட்டம். லத்தீனில் ‘ரெக்ஸ் கெந்தியும் மௌரோரும் ரோமானோரும்’. நடுவில் ‘எத்’ என்ற இணைப்புச் சொல் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதும்போது அந்த வேற்றுமை விகுதிகள் நம் எண்ணும்மைபோலவே காதில் விழுகின்றன: மௌரோரும் ரோமானோரும். தற்செயல்தான், ஆனால் பொருளுக்குப் பொருந்திவரும் தற்செயல். அந்தப் பட்டத்தின் எடை முழுவதும் அந்த ‘உம்’மில் இருக்கிறது. மூர்களின் அரசன் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவன் மலைக்குடித் தலைவர்களில் ஒருவன். ரோமர்களின் அரசன் என்று மட்டும் சொல்லவே முடியாது. ரோமர்களுக்குப் பேரரசர் உண்டு, அரசன் என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது, குதிரைமேல் வரும் குடிகளுக்கும் சுவருக்குள் வாழும் லத்தீன் பேசும் ஊராருக்கும் தான் பொதுவானவன் என்றாகிறது. அத்துடன் ‘ரோமர்’ என்ற சொல்லின் தரமும் மாறிவிடுகிறது. அரசைக் குறித்த சொல், பல மக்களில் ஒரு மக்களைக் குறிக்கும் சொல்லாக அந்தக் கல்லில் சுருங்கிவிட்டது.

இது மாசுனாவின் தனிப்பட்ட எண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். கிழக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால், ஓரெஸ் மலையிலுள்ள அரீஸில் கிடைத்து 1944இல் அறிஞர் கார்க்கோப்பினோ வெளியிட்ட மற்றொரு கல்லில், மாஸ்தியெஸ் என்பவன் தன் வாயாலேயே பேசுகிறான்: 67 ஆண்டு ‘தூக்ஸ்’ (படைத்தலைவன்) ஆகவும், அதன்பின் ‘இம்பெராத்தோர்’ (பேரரசர்) ஆகவும் இருந்தேன், ‘ஒருபோதும் பொய்யாணை இட்டதில்லை, ரோமரிடத்திலும் மூரிடத்திலும் வாக்குத் தவறியதில்லை.’ இம்பெராத்தோராக இருந்தது 10 ஆண்டா 40 ஆண்டா என்பதில் ஒரு எழுத்தைப் படிப்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு. கல்லை எழுப்பியவன் வர்தாயா என்பவன், தன் உடன்பிறந்தாரோடு சேர்ந்து. மாசுனா அரசன் என்ற அளவில் நின்றான். மாஸ்தியெஸ் பேரரசர் பட்டத்தையே எடுத்துக்கொண்டான். ஆனால் இருவரும் ஒரே இரட்டைச் சொல்லில்தான் தங்களை நியாயப்படுத்திக்கொள்கிறார்கள்.

பேரரசிடமிருந்து ஓர் அங்கீகாரம் வேண்டும் என்ற ஏக்கம் இவர்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் சாட்சி. 533இல் கான்ஸ்டான்டிநோபிளின் தளபதி பெலிசாரியுஸ் வண்டால்களை வீழ்த்த ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது, மூர் தலைவர்கள் ஆளனுப்பிப் பதவிச் சின்னங்களைக் கேட்டார்களாம். ரோமானியப் பேரரசர் சின்னம் தராமல் எவரும் தங்களை ஆளக் கூடாது என்பது, ரோமருக்குப் பகையாயிருந்தாலும்கூட, அவர்களிடையே வழக்கம் என்கிறார். சின்னங்களையும் அவரே பட்டியலிடுகிறார்: பொன் பூசிய வெள்ளிக்கோல்; தலையை முழுவதும் மூடாமல் கிரீடம்போல் வெள்ளிப் பட்டைகளால் பிடித்திருக்கும் வெள்ளித் தொப்பி; வலத்தோளில் பொன் ஊசியால் குத்திய வெள்ளைப் போர்வை; பூவேலை செய்த வெள்ளை அங்கி; பொன் பூசிய காலணி. இவை கிழக்குப் பகுதித் தலைவர்களுக்குக் கிடைத்தவை. மாசுனாவுக்கு எவரும் கொடுத்ததாகச் செய்தி இல்லை. அவன் கல்லை வைத்த அதே 508இல், கால் எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் நாட்டில் பிராங்க் அரசன் குளோவிஸ் பேரரசர் அனஸ்தாசியுஸிடமிருந்து கன்சல் பட்ட ஓலையைப் பெற்று, தூர் நகரில் செந்நீல அங்கி அணிந்து ஊர்வலம் போனான். குளோவிஸைப் பற்றி எழுத ஒரு பிஷப் இருந்தார். மாசுனாவுக்கு ஒரு கல்தச்சன் மட்டும் இருந்தான்.

அரசனை விட்டுவிட்டு அவனுடைய குடிகளைத் தேடினால் அல்டாவா நம்மைக் கைவிடுவதில்லை. அங்கே 4ஆம் நூற்றாண்டு முதல் 599 வரை ஆண்டு பொறித்த கல்லறைக் கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன: இன்னாரின் நினைவு, இத்தனை ஆண்டு வாழ்ந்தார், மாகாண ஆண்டு இத்தனையில் மறைந்தார், பிள்ளைகள் அவருக்கு ‘நித்திய வீடு’ அமைத்தார்கள். கல்லறையை வீடு என்று சொல்லும் அந்த வழக்கு, வீடு என்ற சொல்லுக்கு நம்மிடமுள்ள மற்றப் பொருளை நினைவூட்டாமல் இருக்காது. புதைத்தவர்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் பழைய ரோமானிய ஆவித்தெய்வங்களுக்கு அர்ப்பணம் என்ற மூன்றெழுத்துக் குறி பல கற்களின் தலையில் அப்படியே தொடர்கிறது. தச்சனின் கை பழகிவிட்டது, பூசாரி தடுக்கவில்லை.

அந்தக் கற்களில் நான் விரும்பும் இடம் ‘பிளுஸ் மினுஸ்’ என்ற இரண்டு சொற்கள். கூட்டியோ குறைத்தோ இத்தனை வயது என்று பொருள். இறந்த ஆண்டைப் பிசகாமல் குறிப்பவர்கள், வாழ்ந்த ஆண்டுகளைக் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். மாகாணத்தின் வயது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தாயின் வயது பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மாசுனாவின் ஆட்சிக்கு முன்னும் பின்னும் இந்த எழுத்து நடை மாறவில்லை. ஓர் அரசன் வந்ததையும் போனதையும் அந்தக் கல்லறைகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இதுவே அவனுடைய ஆட்சியைப் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல செய்தியாக நான் கொள்கிறேன்.

அவனுக்குப் பின் யார் ஆண்டார்கள் என்ற கேள்வியில்தான் எழுதுகிறவர்களின் கை கட்டவிழ்ந்துவிடுகிறது. இணையத்தில் உலவும் வரலாற்று வரைபடங்களில் ‘மூர்-ரோமானிய அரசு’ என்று மேற்கு அல்ஜீரியாவிலிருந்து கிழக்குவரை ஒரே வண்ணத்தில் தீட்டி, அடியில் ஓர் அரசர் வரிசையும் கொடுத்திருப்பார்கள்: மாசுனா, மாஸ்தினாஸ், கார்முல், குசைலா. தந்தை மகன் என்பதுபோல ஒழுங்காக இருக்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கல்லுக்கு இவ்வளவு பெரிய நிழலா என்று.

ஒவ்வொருவராகப் பார்க்கலாம். மாஸ்தினாஸ் புரோகோப்பியுஸ் சொல்லும் ஒரு மூர் அரசன். மௌரெத்தானியா முழுவதும் அவன் கையில் இருந்தது, கடற்கரைத் தலைநகர் சீசரியா மட்டும் ரோமரிடம் இருந்தது, அங்கே அவர்கள் கப்பலில்தான் போக முடிந்தது, தரைவழி அடைபட்டிருந்தது என்கிறார். அல்டாவா என்ற பெயர் அதில் வரவில்லை. கார்முல் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவன். ஸ்பெயினில் இருந்த பிக்லாரோ யோவான் என்ற துறவி எழுதிய குறிப்பில், 569இல் ஆளுநர் தியோதோருஸ், அடுத்த ஆண்டு தளபதி தியோக்திஸ்துஸ், அதற்கடுத்த ஆண்டு தளபதி அமாபிலிஸ் என்று ஆண்டுக்கொருவராக மூர்களிடம் உயிர் இழக்கிறார்கள். 570களின் இறுதியில் கென்னாதியுஸ் என்ற தளபதி, மூன்று ரோமானியத் தலைவர்களைக் கொன்ற ‘மிக வலிய அரசன்’ கார்முலைத் தோற்கடித்து வாளால் கொன்றான். மூன்று ஆண்டுகளில் மூன்று தலைகள் என்பது சிறிய காரியமில்லை. ஆனால் அவன் எந்த ஊரிலிருந்து ஆண்டான் என்று அந்தத் துறவி சொல்லவில்லை.

குசைலாவின் கதை அரபு நூல்களில் வருகிறது, நிகழ்ந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல்களில். 14ஆம் நூற்றாண்டில் எழுதிய இப்னு கல்தூனும் அதைச் சொல்கிறார். அராபியத் தளபதி அபூ அல்-முஹாஜிரிடம் பிடிபட்டு இஸ்லாத்தைத் தழுவிய இந்த பெர்பர் தலைவனை, பின்னர் வந்த தளபதி உக்பா இப்னு நாஃபி அவமதிக்க எண்ணி, ஓர் ஆட்டைத் தோலுரிக்கச் சொன்னான். என் பணியாட்கள் செய்வார்கள் என்று குசைலா சொல்லியும் உக்பா விடவில்லை. தோலுரித்தவன் இரத்தக் கையைத் தன் தாடியில் துடைத்துக்கொண்டே இருந்தான். என்ன செய்கிறாய் என்று அராபியர் கேட்க, முடிக்கு நல்லது என்றான். அங்கிருந்த முதியவர் ஒருவர், இவன் உங்களை மிரட்டுகிறான் என்றார். 683இல் பிஸ்க்ரா அருகே தஹூதாவில் உக்பா கொல்லப்பட்டான். குசைலா, இன்றைய துனிசியாவில் அராபியரின் தளமாக இருந்த கைரவானுக்குள் நுழைந்து சில ஆண்டுகள் ஆண்டான். 688 வாக்கில் அராபியத் தளபதி ஸுஹைர் இப்னு கைஸின் படையோடு மோதி இறந்தான்.

குசைலா திலிம்சான் பக்கம் பிடிபட்டான் என்ற ஒரு மரபைக் கொண்டு, அறிஞர் கப்ரியேல் காம்ப்ஸ் அவனை அல்டாவா மரபில் சேர்த்தார். மாசுனா முதல் குசைலா வரை நீண்டு நின்ற ஒரு பேரரசு அவர் கண்ணில் பட்டது. இவ் மொதெரான் அதை மறுத்து, குசைலாவின் நிலம் ஓரெஸைச் சார்ந்தது என்றார். நான் மொதெரான் பக்கம். தஹூதா, கைரவான், கடைசிப் போர்க்களம் எல்லாம் கிழக்கில் இருக்கும்போது, ஆளை மட்டும் மேற்கே இழுத்துவருவானேன்? அல்டாவாவுக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டரில், தியாரத் அருகே, மலைமுகட்டில் நிற்கும் 13 கல்லறைகளையும் இப்படித்தான் மாசுனாவின் மரபுக்கு எழுதிவைக்கிறார்கள். ‘ஜிதார்’, அதாவது சுவர், என்று அராபியர் பெயரிட்ட அவை சதுர அடித்தளமும் படிக்கூம்பும் கொண்டவை. மிகப் பெரியதன் பக்கம் ஏறத்தாழ 46 மீட்டர். உள்ளே சுற்றுவழிகளும் அறைகளும். சுவர்களில் பழைய ரோமானியக் கல்லறைக் கற்கள் செங்கல்லுக்குப் பதிலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 5 முதல் 7ஆம் நூற்றாண்டுவரை யாரோ வலிய அரசர்கள் அங்கே இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பெயர் சொல்லும் கல் ஒன்று அவர்களுக்கு வாய்க்கவில்லை. பெயர் சொல்லும் கல் வாய்த்த மாசுனாவுக்குக் கல்லறை வாய்க்கவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வருவது இயல்பு. முடிச்சுக்கு நூல் இல்லை.

ஆகவே என் அல்டாவா சிறியது. ஒரு கோட்டை, மூன்று இடப்பெயர்கள், நான்கு ஆட்கள், அவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான நித்திய வீடுகள். 599க்குப் பிறகு அந்த ஊரின் கல்லறைகள் ஆண்டு சொல்வதை நிறுத்திவிடுகின்றன. பக்கத்து ஊரான பொமாரியாவில், இன்றைய திலிம்சானில், அந்த எழுத்து 651 வரை தொடர்கிறது.

மேற்கே 400 கிலோமீட்டருக்கு அப்பால், மொரோக்கோவில் மெக்னேஸ் அருகே வொலுபிலிஸ் இருக்கிறது. அங்கேயும் கடைசிக் கிறிஸ்தவக் கல்லறைகளில் சில இதே வாய்பாட்டில், இதே ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் கடைசியானது ஒரு பெண்ணுடையது: யூலியா ரொகாதிவா, அல்டாவாவைச் சேர்ந்தவள். ஊர்ப்பெயரை அடுத்து வரும் ஒரு சொல்லைக் ‘கைதி’ என்று படிப்பவர்கள், அல்டாவா மக்கள் சிறைப்பிடிக்கப்பட்டு மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்கிறார்கள். வேறு பொருள் காண்பவர்கள் அவளை அந்த ஊரார் தேர்ந்து ஏற்றுக்கொண்டவள் என்கிறார்கள். எப்படி வந்தாளோ, இறக்கும்போது தன் ஊரின் பெயரைக் கல்லில் போடச் செய்திருக்கிறாள். ஆண்டையும் போட்டிருக்கிறார்கள்: மாகாண ஆண்டு 616. கி.பி. 655.